நாலு எண்பத்தெட்டு

புளியந்தாழ்வு,
ஜவ்வாது மலை
12 ஜூன் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

கிளிஃபர்ட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஜூலியட்டும் சுகம். உங்கள் சுகமும் அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். ஈஸ்டர் அட்டைக்குப் பிறகு நான் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. அம்மா கையில் கிடைத்தால் சங்கடம் என்று இதைப் பட்டறை விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

ஒரு வண்டி விஷயம். இங்கே பங்குக் கோவில் மருந்தகத்தில் ஜூலியட் ஒருத்திதான் நர்ஸ். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். முடியாத நோயாளி என்றால் நான்தான் ஜீப்பில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊர் ஒரு கிண்ணத்தின் அடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மலையை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஏற வேண்டும். மூன்று மைல் ஏற்றம், ஐந்து கொண்டை ஊசி வளைவு, வழி முழுக்கக் கல். பழைய சின்ன டயரில் ஓட்டியபோது பின் ஆக்சில் கல்லில் இடித்து இரண்டு தடவை ஆயில் கொட்டிவிட்டது. அதனால் பங்குச் சாமியார் பெரிய டயர் வாங்கிக் கொடுத்தார். 6.00-16 இருந்த இடத்தில் இப்போது 7.50-16.

இப்போது கல் இடிக்கவில்லை. ஆனால் வண்டி ஏறவில்லை. ஃபோர் வீல் போட்டு, லோ கியரும் போட்டு, முதல் கியரில்கூடத் திணறுகிறது. ஆள் ஏறினால் கிளட்ச் கருகும் வாடை வருகிறது. டவுன் மெக்கானிக் கிரவுன் பினியனை மாற்ற வேண்டும் என்கிறார். எதைப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை.

அன்புத் தம்பி,
கிளிஃபர்ட்


பட்டறை, மந்தைவெளி, சென்னை-28
25 ஜூன் 1994

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் லூயிஸின் ஆசி. நானும் அம்மாவும் சுகம். அம்மா காலைப் பூசைக்கு இப்போதும் நடந்தே போய் வருகிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மலைக்காற்று நெஞ்சில் சளி கட்டும்.

பட்டறை விலாசத்துக்கு எழுதியது நல்லது. இனியும் அப்படியே எழுது. நீ செமினரியை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. சாமியார் ஆகவேண்டிய பிள்ளை கல்யாணம் பண்ணிக்கொண்டு போனான் என்று கோவில் வாசலில் யாராவது பேச்செடுத்தால் அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்குவதில்லை.

டவுன் மெக்கானிக் சொன்னது சரி. ஆக்சிலுக்குள்ளே சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுழற்றுகிற பெரியது கிரவுன். உன் வண்டியில் பினியனுக்கு 11 பல், கிரவுனுக்கு 47 இருக்கும். வகுத்தால் 4.27. அதாவது என்ஜினிலிருந்து வருகிற தண்டு நாலே காலுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடும். அத்தனை பாரத்தையும் அதே பல் இழுக்க வேண்டும். அதனால்தான் திணறல். எண் கூடக் கூட இழுவை கூடும், வேகம் குறையும். மலையில் உனக்கு வேகம் எதற்கு?

யூகத்தில் நான் எதையும் மாட்டமாட்டேன், உனக்குத் தெரியும். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்து. தண்டில் சாக்பீஸால் கோடு போடு. இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்று சுற்று. தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி எழுது. பழைய டயர், புதிய டயர் இரண்டின் உயரமும் வேண்டும். எத்தனை பேரை ஏற்றுவாய் என்பதும் வேண்டும்.

ஆண்டவர் காப்பார்.
லூயிஸ்


புளியந்தாழ்வு
10 ஜூலை 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் கடிதத்தில் அம்மா நடந்து பூசைக்குப் போவதைப் படித்துச் சந்தோஷம்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். நான் சக்கரத்தைச் சுற்ற, ஜூலியட் எண்ணினாள். அவளால் குனிந்து உட்கார முடியாது என்பதால் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நாலே கால் சுற்று, அதற்கு மேல் துளி. பழைய டயர் உயரம் 28 அங்குலம். புதியது கிட்டத்தட்ட 32. ஏற்றுவது நோயாளியோடு ஐந்து பேர்.

நானே கணக்குப் போட்டேன். 4.27ஐ 32ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 4.88 வருகிறது. அப்படி ஒரு ஜோடி உண்டா? உண்டென்றால் அதைப் பார்த்து அனுப்ப முடியுமா? நவம்பர் கடைசிக்குள் வண்டி சரியாகிவிட வேண்டும்.

பட்டினப்பாக்கத்தில் இப்போது வஞ்சிரம் வருகிறதா? ஜூலியட்டுக்கு மீன் ஞாபகம் அதிகமாக இருக்கிறது. இங்கே கிடைப்பது ஏரிக் கெண்டை. அதன் வாடை அவளுக்கு ஆகவில்லை.

அன்புடன்,
கிளிஃபர்ட்


மந்தைவெளி
14 ஆகஸ்ட் 1994

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நாளை மாதா திருநாள். பட்டறை லீவு.

பதில் தாமதமாகிவிட்டது. புதுப்பேட்டையில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். ஷரஃபுதீன் பாய் ஞாபகமிருக்கிறதா, பழைய ஜீப் உடைத்து விற்பவர்? அவர் கடையில் 4.88 முன்னுக்கும் பின்னுக்கும் ஜோடியாகவே கிடைத்தது. எட்டுப் பல், முப்பத்தொன்பது பல். பட்டறைக்கு எடுத்து வந்து கழுவி, நீலம் தடவிப் பல்லோடு பல் சரியாகப் பதிகிறதா என்றும் பார்த்தேன். குறை சொல்ல முடியாது.

ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏனென்று கேள். உன் கணக்கு சரிதான். 4.88 போட்டால் பழைய டயரில் இருந்த இழுவை திரும்ப வரும், அவ்வளவுதான். பழைய டயரில் ஐந்து பேரோடு அந்த ஏற்றத்தில் வண்டி சிரித்துக்கொண்டா ஏறியது? அப்போதும் மூச்சு வாங்கித்தானே இருக்கும்? பெரிய டயருக்குக் கனமும் அதிகம். மலைக்கு 5.38தான் சரி. எட்டுப் பல்லுக்கு நாற்பத்து மூன்று. பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இருந்தது. தேடினால் கிடைக்கும்.

பாய்க்கு என்மேல் கோபம். "இன்னா லூயிஸ் அண்ணே, பல்லு அல்லாம் சோக்கா கீது, தம்பி மலைல காத்துக்கினு கீறான்னு நீதான் சொன்ன. தூக்கினு போவியா, அத்த வுட்டுட்டு இல்லாதத தேடிக்கினு கீற?" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். செய்தால் ஒரே தடவை, சரியாகச் செய்ய வேண்டும்.

நவம்பர் என்று ஏன் கெடு வைக்கிறாய்? என்ன அவசரம்?

லூயிஸ்


புளியந்தாழ்வு
30 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். சுகம் அறிய ஆவல்.

அவசரம் மழைதான். ஐப்பசியில் பாதை அறுத்துக்கொண்டு போகும்.

அண்ணா, எனக்கு 4.88 போதும். வண்டி சிரித்துக்கொண்டு ஏற வேண்டாம். ஏறினால் போதும். பாய் கடையில் அது இன்னும் இருந்தால் அதையே வாங்கி அனுப்புங்கள். அல்லது நீங்களே எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டில் நீங்கள் தங்கியதே இல்லை.

[இங்கே இரண்டு வரிகள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.]

வேறொன்று, சும்மா கேட்கிறேன். சாந்தோமில் நம் வீட்டின் பின்பக்கத்து அறை இப்போது எப்படி இருக்கிறது? யாராவது புழங்குகிறீர்களா?

அன்புடன்,
கிளிஃபர்ட்


மந்தைவெளி
9 அக்டோபர் 1994

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு மட்டும் நடுவில் ஒரு வாரம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. உன் சுகத்துக்கு எழுது.

நல்ல செய்தி. பின் ஆக்சிலுக்கு 5.38 கிடைத்துவிட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பங்களா ஷெட்டில் இருபது வருஷமாக நின்ற ஜீப். பல் புத்தம் புதுசு மாதிரி. முன் ஆக்சிலுக்கு இன்னும் தேடுகிறேன். அந்த வண்டியில் முன்பக்கத்தை எவனோ ஏற்கெனவே கழற்றிவிட்டான். 4.88 ஜோடி செப்டம்பரிலேயே விற்றுப்போனது. போகட்டும்.

நானே வரலாம்தான். இங்கே ஆள் குறைவு. அம்மாவைத் தனியாக விட்டு வரவும் யோசனையாக இருக்கிறது. பார்ப்போம்.

பின் அறையில் பழைய சாமான் போட்டிருக்கிறோம். ஓடு ஒழுகுகிறது. ஏன் கேட்டாய்?

உன் கடிதத்தில் இரண்டு வரி அடித்திருந்தாய். என்னவென்று படிக்க முடியவில்லை.

லூயிஸ்


புளியந்தாழ்வு
2 நவம்பர் 1994

அண்ணனுக்கு,

சுகம். அடித்த வரிகளில் ஒன்றுமில்லை. பின் அறை பற்றியும் சும்மாதான் கேட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. போன வாரம் பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுபோனேன். நாலாவது வளைவில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அவர் பிழைத்தார். கிளட்ச் இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று தெரியவில்லை. பழைய டயரையே மாட்டலாமென்றால் அது கித்தான் தெரியத் தேய்ந்துபோனது. தவிர, கல் எல்லாம் இப்போது மண்ணை விட்டு மேலே வந்துவிட்டது.

பின்பக்கத்துக்குக் கிடைத்த 5.38ஐ மட்டும் அனுப்புங்கள். பின்னால் அதை மாட்டிக்கொண்டு, முன்னால் பழைய 4.27 இருந்தால் என்ன?

கிளிஃபர்ட்


மந்தைவெளி
20 நவம்பர் 1994

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். அந்த விபரீதம் மட்டும் செய்துவிடாதே. முன்சக்கரம் ஒரு கணக்கில் ஓட, பின்சக்கரம் வேறு கணக்கில் ஓட, ஃபோர் வீல் போட்ட கொஞ்ச தூரத்தில் ஒன்றையொன்று இழுத்து நடுவிலிருக்கிற கியர்ப் பெட்டியை உடைத்துவிடும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தே ஆக வேண்டும்.

இனி அந்தக் கவலையும் இல்லை. முன்பக்கத்து 5.38 நேற்று கிடைத்தது! ஷரஃபுதீன் பாயே ஆள் அனுப்பினார். இரண்டையும் கிரீஸ் தடவி, சாக்கு சுற்றி, மரப்பெட்டியில் அடித்து இன்று லாரியில் போட்டுவிட்டேன். டவுன் லாரி ஆபீஸில் உன் பெயருக்கு இருக்கும். மாட்டுகிற முறை நாலு பக்கம் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு மாட்டாதே. கிறிஸ்மஸ் கழிந்து நானே வந்தாலும் வருவேன்.

ஐந்து மாசம் அலைந்தது வீண்போகவில்லை. உன் வண்டி இனி சுவரில்கூட ஏறும்.

லூயிஸ்


மந்தைவெளி
28 டிசம்பர் 1994

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. புது வருஷமும் நல்லபடி பிறக்கட்டும். பார்சல் எடுத்தாயா? மாட்டினாயா? ஏறுகிறதா? ஒரு வரி இல்லை. கிறிஸ்மஸ் அட்டையாவது வருமென்று பார்த்தேன். எந்த வருஷமும் நீ போடாமல் இருந்ததில்லை.

உடம்பு சரியில்லையா? எழுது.

லூயிஸ்


புளியந்தாழ்வு
9 ஜனவரி 1995

அத்தானுக்கு,

ஜூலியட் வணக்கத்துடன் எழுதுவது. உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் புருஷனின் அண்ணனை அத்தான் என்போம். தப்பென்றால் மன்னியுங்கள். நீங்களும் உங்கள் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் கிறிஸ்மஸ் கடிதம் வந்தது. அவர் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன்.

எனக்கு டிசம்பர் நடுவில் பிரசவம் ஆக வேண்டியது. அது உங்களுக்குத் தெரியாது என்பதே நவம்பரில்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு எழுதியிருப்பார் என்று நினைத்திருந்தேன். வாராவாரம் ஜீப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாரே, என்னைப் பற்றிச் சொல்லாமலா ஜீப்பைப் பற்றி எழுதுவார் என்று நினைத்தேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். என் அம்மா நான் நர்ஸிங் படிக்கும்போதே இறந்துவிட்டார். அப்பா என் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். டவுனில் கன்னியர் மடத்தில் வந்து தங்கச் சொன்னார்கள். டிசம்பர் ஒன்றாம் தேதி எனக்குப் பதில் வேறு நர்ஸ் வருவதாக இருந்தது. அவள் வந்ததும் போவதாக இருந்தேன். மருந்தகத்தைப் பூட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. அது என் தவறு.

நவம்பர் 26, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. நல்ல மழை. என்னோடு ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் ஏறினார்கள். மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. அவர்களை இறக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டெப்னி, பெட்டி, சீட்டுப் பலகை எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டார். என்னையும் வண்டியையும் தவிர ஒன்றுமில்லை. அப்படியும் நகரவில்லை. கருகின புகை உள்ளே வந்தது. பிறகு என்ஜின் மட்டும்தான் கத்தியது, சக்கரம் சுற்றவில்லை.

அவர் ஓடிப்போய் ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். மூங்கிலில் ஜமுக்காளம் கட்டித் தூக்கினார்கள். உச்சிக்கு இன்னும் ஒரு வளைவு இருக்கும்போது குழந்தை வந்துவிட்டது. பெண். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரி என்றால் நேரத்தில் ஆபரேஷன் பண்ணி எடுத்திருப்பார்கள். என் கையில் கொடுங்கள் என்று வாங்கி நானே வாய் வைத்து ஊதினேன். எத்தனையோ குழந்தைகளுக்குச் செய்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் அழுதார்கள். இவள் அழவில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் என்று அவருக்குத் தெரியும். ஏழு வருஷம் அதைத்தானே படித்தார். ஆனாலும் மழைத்தண்ணீரைக் கையில் பிடித்துத் தலையில் விட்டார். டோரதி என்று பெயர் சொன்னார். உங்கள் அம்மாவின் பெயர் அது என்று தூக்கி வந்தவர்களுக்குத் தெரியாது.

பார்சல் 24ஆம் தேதியே டவுனுக்கு வந்துவிட்டதாம். பஸ் ஓடாததால் தகவல் வரவில்லை. வந்திருந்தாலும் மாட்ட நாலு நாளாவது ஆகியிருக்கும். அதனால் பார்சலைப் பற்றி நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அவர் ஆகஸ்ட் மாதத்து ஜோடியைப் பற்றித்தான் நினைக்கிறார். 4.88 இருந்திருந்தால் மூன்றாவது வளைவு ஏறியிருக்குமா என்று இன்னும் காகிதத்தில் கணக்குப் போடுகிறார். ஏறியிருக்கும் என்று ஒரு நாள் வருகிறது. ஏறியிருக்காது என்று ஒரு நாள் வருகிறது. உங்களுக்கு விடை தெரிந்தாலும் அவருக்கு எழுதாதீர்கள்.

என் உடம்பு தேறிவிட்டது. இனிமேல் குழந்தை கஷ்டம் என்று டாக்டர் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஜூலியட்


சாந்தோம், சென்னை-4
17 ஜனவரி 1995

அன்புள்ள கிளிஃபர்ட்டுக்கும் ஜூலியட்டுக்கும்,

இந்தக் கடிதத்தை வீட்டிலிருந்து எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூலியட், அத்தான் என்று எழுதினாய். தப்பில்லை. உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உன் புருஷன் ஜூனிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். எல்லாவற்றிலும் உன் பெயர் இருக்கிறது, கடைசி இரண்டைத் தவிர. முக்காலி இருக்கிறது. மீன் இருக்கிறது. நான் எழுதியவற்றில் நீ எங்கேயும் இல்லை. 'உன் உடம்பைப் பார்த்துக்கொள்', 'உன் சுகம்' என்று ஒருவனைத்தான் விசாரித்திருக்கிறேன். ஒரு தடவை 'ஜூலியட் எப்படி இருக்கிறாள்' என்று எழுதியிருந்தால் அவன் சொல்லியிருப்பான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடித்த வரிகளைப் படிக்க முடியவில்லை என்று எழுதினேனே, அது பொய். பட்டறைக் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். 'ஜூலியட்டுக்கு' என்றும் 'மாதம்' என்றும் தெரிந்தது. ஆறாம் மாதமா, வேறெதுவா என்று தெரியவில்லை. யூகித்தேன். யூகித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தேன். கேட்டால் நீ பதில் எழுதுவாய். பதில் வந்தால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதை நினைத்து, முன் ஆக்சிலுக்கு 5.38 தேடப் போய்விட்டேன்.

மலைக்கு 5.38 சரி என்பது உண்மைதான், தம்பி. ஆனால் ஆகஸ்டில் அந்த ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ரயில் ஏறியிருக்கலாம். ஏறினால் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டும், அவள் கையால் சாப்பிட வேண்டும், திரும்பி வந்து அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். சரியான பல் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ஜூலியட் கேட்டுக்கொண்டதால் மூன்றாவது வளைவைப் பற்றி நான் எழுதவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்படியில் இருந்தார்.

"யாரு கடுதாசிடா?" என்றார்.

"ஜூலியட்டோடதும்மா."

அந்தப் பெயரை நான் இந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் படித்துக் காட்டினேன். பெயர் வைத்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "என்ன பேரு சொன்ன?" என்று கேட்டார். மறுபடி படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. நான்தான் இறக்கினேன்.

மூன்றாம் நாள் பூசையிலிருந்து வந்தவர், "பின்ரூம்ல இருக்கிற சாமானை எல்லாம் எடுத்து வெளிய போடு லூயிசு" என்றார். சரி என்று போனேன். கேட்காமல் இருந்து கெட்டவன் நான். அதனால் திரும்பி வந்து கேட்டேன், "யாருக்கும்மா?"

"அவளுக்குத்தான். வரமாட்டா, தெரியும். நீ எடுத்துப் போடு."

ஓடு மாற்றிவிட்டேன். சுண்ணாம்பும் அடித்தாயிற்று. நான் உங்களைப் பார்க்க வரலாமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் எழுதுங்கள்.

லூயிஸ்


புளியந்தாழ்வு
8 மார்ச் 1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆவல்.

ஏழு வாரம் பதில் எழுதவில்லை. கோபம் இருந்தது. ஒவ்வொரு நாளும் உங்களுக்கு ஒரு கடிதம் மனதில் எழுதுவேன். எழுதி முடித்ததும், நான் கேட்டது என்ன என்று யோசிப்பேன். பிரசவத்துக்கு எங்களுக்கு ஒரு அறை வேண்டும் என்பதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கக் கூசி, ஜீப்புக்கு எந்தப் பல் போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். செமினரியிலிருந்து வந்த அன்று, இனி இந்த வீட்டில் எதையும் கேட்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீங்களும் அங்கே நின்றீர்கள். அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன். காப்பாற்றியிருக்கக் கூடாது. அடித்த வரியில் இருந்தது இதுதான்: 'ஜூலியட்டுக்கு ஆறாம் மாதம். அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.' எழுதிவிட்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துதான் அடித்தேன்.

ஜூலியட் உங்களுக்கு எழுதியது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

வண்டி பற்றி எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் டவுன் மெக்கானிக் வந்து, நீங்கள் எழுதி வைத்த நாலு பக்கத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். புதுக் கிளட்சும் போட்டாயிற்று. ஓட்ட எனக்கு மனமில்லை. ஒரு மாதம் தொடவில்லை. போன செவ்வாய்க்கிழமை மேலத்தெருப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்தது. ஜூலியட் வந்து, "எடுங்க" என்றாள். அவளும் ஏறிக்கொண்டாள். ஆறு பேர். மூன்றாவது வளைவில் என் கால் தானாகக் கிளட்சை மிதித்தது. பக்கத்தில் இருந்தவள் முன்னால் பார்த்துக்கொண்டே, "ஓட்டுங்க" என்றாள். வண்டி திணறவில்லை, அண்ணா. மெதுவாக, ஒரே சீராக ஏறியது. உச்சியில் போய் நிறுத்திவிட்டேன். கை ஸ்டியரிங்கை விடவில்லை. பின்னால் அந்தப் பெண்ணின் அம்மா, "எதுக்கு சார் நிறுத்திட்டீங்க?" என்று கத்தினாள். ஜூலியட் என் கையைப் பிடித்துக் கியர் மேல் வைத்தாள்.

பையன் பிறந்திருக்கிறான்.

சாந்தோமுக்கு ஜூலியட் வரமாட்டாள். நான் அவளைக் கேட்கவும் போவதில்லை. அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடுங்கள், பூசி மெழுக வேண்டாம். நீங்கள் வருவதைப் பற்றிக் கேட்டேன். "அவங்க வேணும்னா வரட்டும்" என்றாள். அம்மாவையும் சேர்த்துத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. திரும்பக் கேட்டேன். "கல்லறையைப் பாக்கணும்னா வரட்டும்" என்றாள்.

ஈஸ்டர் கழிந்து வாருங்கள். டவுன் வரைக்கும் பஸ்ஸில் வந்துவிட்டால் நான் வந்து கூட்டிப்போகிறேன். பட்டறைச் சாமான் எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வண்டியில் நீங்கள் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அன்புத் தம்பி,
கிளிஃபர்ட்